ஈடுதோறும் ஒரே பதம்

நல்ல பதத்தில் ஒரு ஈடு காப்பிக் கொட்டை வறுத்தெடுப்பது பெரிய வித்தை இல்லை. மிஷின் வாங்கிய முதல் மாதத்திலேயே பலருக்கும் அது வாய்த்துவிடும். அதே கொட்டையில் அதே பதம் அடுத்த செவ்வாய்க்கிழமையும் வருகிறதா, அடைமழை நாளிலும் வருகிறதா, காலை முதல் ஈட்டிலும் சாயங்காலக் கடைசி ஈட்டிலும் வருகிறதா என்று பார்த்தால்தான் கைப்பழக்கம் எவ்வளவு என்று தெரியும். பொடிக் கடைக்கு வருகிறவர் புதுமை தேடி வருவதில்லை. போன வாரம் வாங்கிய பொடியே வேண்டும் என்றுதான் வருகிறார்.

பில்டர் காப்பிக்காகச் சின்ன டிரம் மிஷினில் வறுப்பவர்களுக்கான அத்தியாயம் இது. மிஷினைப் பற்றவைப்பது, கொட்டையை இறக்குவது எல்லாம் முந்தைய அத்தியாயங்களில் வந்துவிட்டன. ஏற்கெனவே தெரிந்த வேலையை எப்படிச் சீராக்குவது என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம்.

சாக்கைப் பிரிக்கும்போதே

பதம் மாறிவிட்டது என்று கேஸைத் திருகுவதற்கு முன்னால், கொட்டை மாறியிருக்கிறதா என்று பாருங்கள். சாக்கில் ‘பிளான்டேஷன் ஏ’ என்று போட்டிருந்தால், பழத்தோலும் பசையும் நீக்கிக் கழுவிக் காயவைத்த அராபிக்கா என்பதும், எந்தச் சல்லடையில் நின்ற கொட்டை என்பதும் தெரியும். அதற்கு மேல் கிரேடு எதுவும் சொல்லாது. ஏற்காட்டில் விளைந்ததா, தாண்டிக்குடிப் பக்கமா, குடகா, சிக்மகளூரா. உயரமான தோட்டத்துக் கொட்டையா, தாழ்ந்த இடத்ததா. இந்தப் பருவத்து அறுவடையா, போன வருஷத்து மிச்சமா என்பதையெல்லாம் வியாபாரியிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அவர் சொல்வதைச் சரிபார்க்க இரண்டு அளவுகள் போதும்.

முதலாவது ஈரப்பதம். பச்சைக் கொட்டையில் 10 முதல் 12 சதவீதம் இருந்தால் நல்லது. அதற்குக் கீழே காய்ந்துபோன கொட்டை சீக்கிரம் நிறம் ஏறிவிடும், சுவையில் சத்து இருக்காது. மேலே போனால் பூஞ்சை பயம். டிரம்மிலும் காய நேரம் பிடிக்கும். இரண்டாவது கனம். ஒரு லிட்டர் பாத்திரத்தில் கொட்டையைத் தளதளவென்று நிரப்பி, விளிம்போடு வழித்து, எடை போடுங்கள். தட்டிக் குலுக்க வேண்டாம். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி நிரப்புவதுதான் முக்கியம். போன லாட்டைவிட 30, 40 கிராம் குறைந்தால் இது இளகின கொட்டை என்று வைத்துக்கொள்ளலாம். பழைய சூட்டில் போட்டால் வெளித்தோல் சுட்டுவிடும். டிரம்மில் போடும் சூட்டை 5 டிகிரி இறக்கித் தொடங்குங்கள்.

இந்தக் கணக்கை நன்றாகக் காட்டித் தரும் சரக்கு மான்சூன்ட் மலபார். கப்பலில் மாதக்கணக்காக ஐரோப்பா போன கொட்டை கடல் ஈரத்தில் ஊதி வெளிறி வேறு சுவைக்கு மாறியது. பயணம் சுருங்கிய பிறகும் அந்தச் சுவையைக் கேட்டார்கள் என்பதற்காக, மேற்குக் கரையில் மழைக்காலக் காற்றைக் கொட்டையில் படவிட்டு அதே மாற்றத்தை வேண்டுமென்றே செய்கிறார்கள். பார்க்கப் பெரிதாக இருக்கும், எடையில் லேசு. பிளான்டேஷன் ஏ போல நினைத்து 200 டிகிரியில் கொட்டினால் முனை கருகி, உள்ளே வேகாமல் வரும். ஒரு கிலோ வாங்கி வறுத்துப் பாருங்கள். கனம் குறைந்த கொட்டைக்குத் தீ எவ்வளவு குறைய வேண்டும் என்பது கைக்குப் படியும்.

சாக்கைத் தரையில் வைக்காதீர்கள். கீழே கட்டை போட்டு, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். ஐப்பசி, கார்த்திகையில் சென்னைக் காற்றே போதும், இரண்டு வாரத்தில் கொட்டையின் ஈரத்தை மாற்றிவிட.

நோட்டில் என்ன எழுதுவது

கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் ‘ஆர்ட்டிசன்’ மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாம். இலவசம்தான், வெப்பமானியை இணைத்தால் கோட்டை அதுவே வரையும். இல்லாதவர்களுக்கு ஒரு நீளக் கணக்கு நோட்டும் கடிகாரமும் தாராளம். கோடு அழகாக வந்ததா என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்து வாசனையைக் கோட்டைவிடுகிறவர்களும் உண்டு.

ஒரு ஈட்டுக்கு ஒரு வரி. உதாரணமாக இப்படி: பிளான்டேஷன் ஏ, 4 கிலோ. போட்ட சூடு 200. ஒன்றரை நிமிடத்தில் 88 வரை இறங்கித் திரும்பியது. 5 நிமிடம் 10 நொடியில் மஞ்சள். 9:40இல் முதல் வெடி, 197 டிகிரி. 11:45இல் இறக்கியது, 212 டிகிரி. வறுத்த எடை 3.380 கிலோ.

இதில் கடைசி எண்ணைத்தான் பலரும் எழுதுவதில்லை. எல்லாவற்றிலும் மலிவான, பொய் சொல்லாத அளவு அதுதான். 4 கிலோ 3.380 ஆனால் எடைக் குறைவு 15.5 சதவீதம். நடுத்தர வறுவல் பொதுவாக 14க்கும் 16க்கும் நடுவில் விழும். கருவறுவல் அதைத் தாண்டும். அடுத்தடுத்த ஈடுகளில் இந்த எண் அரை சதவீதத்துக்குள் நின்றால் உங்கள் கை சீராக இருக்கிறது. ஒன்றுக்கு மேல் ஆடினால் எங்கேயோ கோளாறு. ஒரு எச்சரிக்கை: இந்தக் குறைவில் பெரும்பங்கு தண்ணீர். 10 சதவீத ஈரத்தில் வந்த லாட்டும் 12 சதவீதத்தில் வந்த லாட்டும் ஒரே நிறத்துக்கு வறுபட்டாலும் எடைக் குறைவு ஒத்துப்போகாது. லாட் மாறினால் புது எண்.

நிறத்துக்குக் கருவி இருக்கிறது, அக்ட்ரான் என்று அளவுகோலே இருக்கிறது. எண் குறையக் குறைய வறுவல் கருமை. சின்னக் கடைக்கு அந்தச் செலவு இப்போது வேண்டாம். உங்களுக்குப் பிடித்த ஈட்டிலிருந்து கொஞ்சம் அரைத்து, கண்ணாடிச் சீசாவில் இருட்டில் வையுங்கள். ஒவ்வொரு நாளும் புது ஈட்டின் பொடியை வெள்ளைத் தாளில் அதன் பக்கத்தில் தேய்த்து, ஒரே விளக்கின் கீழ் பாருங்கள். முழுக் கொட்டையை ஒப்பிடாதீர்கள், பொடியை ஒப்பிடுங்கள். வெளியே நல்ல பழுப்பு, அரைத்தால் வெளிறின பொடி என்றால் மேல்தோல் வெந்து உள்ளே பச்சை நிற்கிறது என்று அர்த்தம். பொடி பழையதாகும்போது நிறமும் மங்கும், அதனால் மாதம் ஒருமுறை சீசாவைப் புதுப்பியுங்கள்.

வெடிக்கு முன்னாலேயே தீயை அடக்குங்கள்

தேர்ச்சி அடைய நினைப்பவர் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான்.

கொட்டைக்குள் ஆவியும் வாயுவும் அடைபட்டு, அழுத்தம் தாங்காமல் பிளக்கும்போது வருவது முதல் வெடி. ‘பட், பட்’டென்று தெளிவாகக் கேட்கும். பெரும்பாலான மிஷின்களில் 196 முதல் 205 டிகிரிக்குள் இது தொடங்கும். இரண்டாம் வெடி 224ஐ ஒட்டி வரும். அதன் ஓசை மெலிது, சரசரவென்று நெருக்கமாகக் கேட்கும். உங்கள் வெப்பமானி வேறு எண் காட்டினால் பதற வேண்டாம். அது எந்த இடத்தில் செருகியிருக்கிறது, எவ்வளவு தடிமன் என்பதைப் பொறுத்து பத்து டிகிரிகூட மாறும். பக்கத்துக் கடைக்காரர் ‘212இல் இறக்கு’ என்று சொல்வது அவர் மிஷினுக்கான எண்.

எண்ணைவிட, அது ஏறும் வேகம்தான் காரியம். 30 நொடிக்கு எத்தனை டிகிரி ஏறுகிறது என்று எழுதுங்கள். சூடு திரும்பியதும் 10, மஞ்சளாகும்போது 7, வெடிக்கும்போது 4, இறக்கும்போது 2 என்று சீராக இறங்கிக்கொண்டே வந்தால் நல்ல ஓட்டம். பெரும்பாலானவர்களின் நோட்டில் இப்படி இருக்காது. 9, 8, 8, 7 என்று வெடி வரை வேகமாக ஓடி, வெடிச்சத்தம் கேட்டதும் பயந்து கேஸைப் பாதிக்கு மேல் அடைப்பார்கள். அதே நேரத்தில் கொட்டையிலிருந்து ஆவி பீறிட்டு டிரம்மைக் குளிர்விக்கும். ஏற்றம் 1க்கு விழும். அப்போது மறுபடி பயந்து கேஸைத் திறந்தால் ஆவி தீர்ந்தபின் சூடு 5க்குத் தாவும். கண்ணுக்கு இந்த ஈடு சரியாகவே தெரியும், நிறமும் எடையும்கூட ஒத்துப்போகலாம். குடித்தால்தான் குட்டு வெளிப்படும்: இனிப்பு போய், சப்பென்று, அடியில் தீயல் வாடையோடு இருக்கும்.

இதற்கு மருந்து வெடி நேரத்தில் இல்லை, அதற்கு மூன்று நிமிடம் முன்னால் இருக்கிறது. மஞ்சள் பழுப்பாகத் தொடங்கும்போதே கேஸைச் சிறிது சிறிதாக இரண்டு, மூன்று படிகளில் இறக்குங்கள். வெடி வரும்போது தீ ஏற்கெனவே அடங்கியிருக்க வேண்டும். அந்த நேரத்தில் கைப்பிடியைத் தொடும் தேவையே இருக்கக் கூடாது.

வெடி தொடங்கியதிலிருந்து இறக்குவது வரையான நேரம் மொத்த நேரத்தில் 20 முதல் 25 சதவீதம் இருக்க வேண்டும் என்று ஸ்காட் ராவ் 2014இல் வெளியிட்ட வறுப்போருக்கான கையேட்டில் எழுதினார். உலகமெங்கும் அது வேதவாக்காகிவிட்டது. மேலே காட்டிய வரியில் அது 125 நொடி. மொத்தம் 705இல் 18 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. அந்த ஈடு டிகாக்ஷனில் நன்றாக இருந்தால் 20ஐத் தொடுவதற்காக நீட்ட வேண்டியதில்லை. சதவீதம் சரியாக இருந்தும் சப்பென்ற காப்பி வரும். ஏறும் வேகம் எப்படிப் போனது என்று அந்த எண்ணுக்குத் தெரியாதே.

ரோபஸ்டாவில் காதை மட்டும் நம்பாதீர்கள். பல லாட்டுகளில் முதல் வெடி சிதறலாக, அமுங்கி வரும். மிஷின் இரைச்சலில் நழுவிவிடும். நிறத்தையும் வாசனையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பச்சைப்புல் வாடை போய், ரொட்டி சுடும் மணம் வந்து, அதில் சிறு புளிப்பு மூக்கில் ஏறும் நேரம் வெடி நெருங்கிவிட்டது. சாம்பிள் கரண்டியை இழுத்து ஒன்றிரண்டு கொட்டையைப் பார்த்துவிட்டுத் தள்ளிவிடாதீர்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இந்த டிரம்முக்குப் பொருந்தாது. கரண்டியில் வந்த இருபதும் ஒரே நிறமா, சுருக்கம் எல்லாவற்றிலும் விரிந்துவிட்டதா என்று பாருங்கள். வெளிறியே நிற்கும் ஒன்றிரண்டு, காயாகப் பறித்த பழத்தின் கொட்டை. எவ்வளவு வறுத்தாலும் நிறம் ஏறாது. ஆறியபின் பொறுக்கி எறியுங்கள். நாலைந்து சேர்ந்தாலே கோப்பையில் பச்சை வேர்க்கடலை வாடை அடிக்கும்.

முதல் ஈடும் பிறகு வரும் ஈடுகளும்

காலையில் வெப்பமானி 200 காட்டியதும் கொட்டையைப் போட்டால், அந்த ஈடு இழுத்துக்கொண்டே போகும். காற்று சூடாகியிருக்கும், இரும்பு சூடாகியிருக்காது. மூன்றாவது ஈட்டில் அதே 200இல் போட்டால் கொட்டை விரட்டிக்கொண்டு ஓடும். இரண்டிலும் வெப்பமானி ஒரே எண்ணைத்தான் காட்டியது. டிரம் தனக்குள் பிடித்து வைத்திருக்கும் சூடு அதன் கண்ணுக்குப் படாது.

ஆகவே காலையில் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் காலி டிரம்மை மிதமான தீயில் ஓடவிடுங்கள். ஈடுகளுக்கு நடுவே ஒரு முறையை வகுத்துக்கொண்டு அதிலிருந்து பிசகாதீர்கள். உதாரணமாக: இறக்கியதும் கேஸை அணை, 170 வரை இறங்க விடு, பிறகு பற்றவைத்து 200 வரை ஏற்று, ஒரு நிமிடம் நிறுத்து, போடு. எண்கள் உங்கள் மிஷினுக்கு ஏற்ப மாறட்டும், வரிசை மாற வேண்டாம். நடுவில் போன் வந்து பத்து நிமிடம் போய்விட்டால், போட்டபடி போட்டுவிடாமல் 170இலிருந்து மறுபடி தொடங்குங்கள். இவ்வளவு செய்தும் முதல் ஈடு சற்று முரண்டும். அதில் விலை கூடின பீபெரியைப் போடாதீர்கள்.

அளவையும் மாற்றாதீர்கள். 5 கிலோ மிஷின் என்று விற்றவர் சொன்னாலும் 3.5 முதல் 4 கிலோவில்தான் அது ஒழுங்காக வறுக்கும். இன்றைக்கு ஆர்டர் 2 கிலோதான் என்று அதே கேஸில் 2 கிலோ போட்டால் அது வேறு வறுவல்.

ஒரு ஈட்டில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். போடும் சூட்டையும் கேஸையும் காற்றையும் ஒருசேர மாற்றி, காப்பி நன்றாக வந்துவிட்டால் அதைவிட மோசம் இல்லை. எதனால் நன்றாக வந்தது என்று தெரியாமலே போய்விடும்.

நாக்குக்குப் பயிற்சி

வறுத்த மறுநாள் சுவையுங்கள்; சூடாறுவதற்குள் குடித்துவிட்டுத் தீர்ப்பு சொல்ல வேண்டாம். சோதனைக்கு உலகமெங்கும் கடைப்பிடிக்கும் அளவு 150 மில்லி தண்ணீருக்கு 8.25 கிராம் பொடி, தண்ணீர் 93 டிகிரி. ஊற்றி 4 நிமிடம் கழித்து மேலே மிதக்கும் ஆடையைக் கரண்டியால் உடைத்து முகர வேண்டும். நுரையை வழித்துவிட்டு, ஆறத் தொடங்கியபின் உறிஞ்ச வேண்டும். சூடு குறையக் குறையக் குற்றம் வெளியே வரும். நாக்கின் ஓரம் கடிக்கும் புளிப்பும் புல் வாடையும் இருந்தால் வேகவில்லை. மணமும் இல்லாமல் குற்றமும் இல்லாமல் அட்டை மாதிரி இருந்தால் தீ இல்லாமல் நேரம் இழுத்திருக்கிறது. சாம்பல் நெடி அடித்தால் வறுவல் கடந்திருக்கிறது, அல்லது புகை வெளியேறவில்லை.

ஆனால் உங்கள் வாடிக்கையாளர் இப்படிக் குடிக்கப் போவதில்லை. டிகாக்ஷன் இறக்கி, பால் விட்டு, சர்க்கரை போட்டுக் குடிப்பார். பாலும் சர்க்கரையும் புளிப்பை அமுக்கிவிடும். சாம்பல் நெடி அதையும் மீறித் தெரியும். கோப்பையில் அருமையாக இருக்கும் இளவறுவல், பாலில் தண்ணீராகிவிடுவதும் இதனால்தான். பில்டருக்கு வறுப்பவர் பெரும்பாலும் முதல் வெடி முழுக்க முடிந்து இரண்டாம் வெடிக்குச் சற்று முன், அல்லது அதன் முதல் சரசரப்பில் நிற்கிறார்.

வாரம் ஒருமுறை இதைச் செய்யுங்கள். மூன்று டம்ளர், இரண்டில் திங்கட்கிழமை ஈடு, ஒன்றில் வியாழக்கிழமை ஈடு. அடியில் குறி போட்டு, வீட்டில் வேறு யாரையாவது இடம் மாற்றி வைக்கச் சொல்லுங்கள். வேறான டம்ளர் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். முதலில் கறுப்பாக, பிறகு பாலோடு. கறுப்பிலும் பிடிபடவில்லை என்றால் உங்கள் ஈடுகள் சீராக இருக்கின்றன, அல்லது நாக்கு இன்னும் பழகவில்லை. நோட்டில் எடைக் குறைவு ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். கறுப்பில் பிடிபட்டுப் பாலில் மறைந்தால் அவ்வளவு அவசரம் இல்லை. பாலிலும் பிடிபட்டால் அந்த ஈட்டை உங்கள் பெயர் போட்ட பொட்டலத்தில் கட்டாதீர்கள்.

கலவையும் சிக்கரியும்

பீபெரி உருண்டை, டிரம்மில் தங்குதடையில்லாமல் உருளும். ஏ கிரேடு ஒரு பக்கம் தட்டை. ரோபஸ்டாவோ வேறு இனமே. மூன்றையும் சேர்த்துப் போட்டால் நேரம் மிச்சம், பதம் மூன்று. தனித்தனியே வறுத்து ஆறியபின் கலப்பதுதான் என் கட்சி. சேர்த்து வறுத்தே நல்ல பேர் வாங்கிய கடைகளும் இருக்கின்றன; அவர்கள் ஒரே தோட்டத்துச் சரக்கை வருஷக்கணக்காகப் பழகியவர்கள்.

வறுவலைச் சோதிக்கும்போது சிக்கரி கூடவே கூடாது. நிறமும் கசப்பும் கெட்டியும் கொடுத்து, வேகாத கொட்டையையும் கருகின கொட்டையையும் ஒரே மாதிரி மூடிவிடும் சாமர்த்தியம் அதற்கு உண்டு. விற்கும் பொடியில் வேண்டிய அளவு சேர்த்துக்கொள்ளுங்கள். சட்டப்படி கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, விகிதத்தை உறையில் அச்சிடவும் வேண்டும்.

வறுத்த உடனே அரைத்து, சூட்டோடு கட்டிக் கொடுப்பதை வாடிக்கையாளர் ரசிக்கிறார்தான். ஆனால் அந்தப் பொடியில் கரியமில வாயு நிறைய இருக்கும். வீட்டில் வெந்நீர் ஊற்றியதும் உப்பி, டிகாக்ஷன் இறங்காமல் அடம்பிடிக்கும். கொட்டையை ஒரு நாளாவது கிடக்க விட்டு அரையுங்கள்.

உமி, எண்ணெய், புகைக்குழாய்

ஈடு ஈடாக ஒன்றும் மாறாமல், வாரக்கணக்கில் காப்பி மெல்லப் புகை வாடைக்குச் சாய்ந்தால் குழாயைக் கழற்றிப் பாருங்கள். கருவறுவலில் வெளிவரும் எண்ணெய் குழாயில் படிந்து, உமி அதில் ஒட்டி, காற்றின் வழி குறுகிவிடுகிறது. நீங்கள் அதே எண்ணில் காற்றுத் தட்டைத் திறந்தாலும் பழைய காற்று போவதில்லை. உமித் தொட்டியைத் தினமும் காலி செய்யுங்கள். செர்ரி முறையில் காயவைத்த கொட்டை வறுக்கும் நாளில் இரண்டு தடவை. டிரம்முக்குள் தீப்பிடித்தால் கேஸை அடையுங்கள், டிரம் சுற்றிக்கொண்டே இருக்கட்டும், கதவைத் திறக்காதீர்கள். திறந்தால் காற்றுப் பட்டு ஜுவாலை முகத்துக்கு வரும்.

இறக்கிய கொட்டை நாலு நிமிடத்துக்குள் கை பொறுக்கும் சூட்டுக்கு வர வேண்டும். ஆறும் தட்டின் ஓட்டைகளில் உடைந்த கொட்டை அடைத்திருந்தால் அது நடக்காது, வறுவல் தட்டிலேயே தொடரும். அவசரத்துக்குத் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் வேண்டாம். பொடி சீக்கிரம் கெடும்.

புகார் வந்தால்

‘‘அண்ணாச்சி, போன தடவை மாதிரி இல்லையே, கசக்குது’’ என்று ஒருவர் வந்து நிற்பார். மறுக்கவும் வேண்டாம், உடனே தீயைக் குறைக்கவும் வேண்டாம். அந்த நேரத்துக்காகத்தான் ஒவ்வொரு ஈட்டிலிருந்தும் 100 கிராம் கொட்டையை எடுத்து, தேதியும் ஈட்டு எண்ணும் எழுதி, இரண்டு வாரம் வைத்திருக்கச் சொல்கிறேன். அவர் வாங்கிய தேதியைக் கேட்டு, அந்த டப்பாவை எடுத்து, அவருக்கு முன்னாலேயே டிகாக்ஷன் போடுங்கள். கொட்டையில் கசப்பு இல்லை என்றால் அரைத்த கல்லைப் பாருங்கள், பொடி நைசாகியிருக்கும். அல்லது சிக்கரி அளந்த கை மாறியிருக்கும். கொட்டையிலேயே கசப்பு இருந்தால் நோட்டில் அந்த வரியைத் தேடுங்கள். முதல் ஈடா, லாட் மாறிய நாளா, அளவு குறைத்துப் போட்டதா என்று பெரும்பாலும் அந்த வரியே சொல்லிவிடும். அவருக்கு வேறு ஈட்டிலிருந்து புதுப் பொடி அரைத்துக் கொடுத்துவிட்டு, நோட்டில் அந்த வரியின் ஓரத்தில் அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதி வையுங்கள்.